எண்பது ஜி.பி.க்குள் ஒரு பாரதக் கூத்து

பொம்மிடியில் 2003 வாக்கில் எண்பது ஜி.பி. ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவும் கம்ப்யூட்டருக்கு வெளியே, தனி டப்பாவில், பையில் போட்டு எடுத்துப்போகிற ஹார்ட் டிஸ்க். ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் அப்போது நான் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது இருபது ஜி.பி. அது நிரம்பவே நிரம்பாது என்று அசெம்பிள் செய்து கொடுத்தவர் சொல்லியிருந்தார். கல்யாணப் போட்டோக்களை ஸ்கேன் செய்து சி.டி.யில் போட்டுத் தரச்சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்ததும் அது நிரம்பிவிட்டது. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு எண்பது ஜி.பி. டிஸ்க்கையும் அதைப் போட்டு மூடும் அலுமினியப் பெட்டியையும் வாங்கி வந்தேன். கடையின் ஒரு மாத வருமானம் அதில் போயிற்று.

இன்று பொம்மிடி பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் போனில் 128 ஜி.பி. இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே முழுதாகத் தெரியாது. எண்பது ஜி.பி.யில் என்னென்ன இருந்தது என்று எனக்கு ஃபோல்டர் ஃபோல்டராகத் தெரியும்.

அந்தப் பெட்டியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தடித்த டைரி அளவு இருக்கும், கனம் அதைவிடக் கூடுதல். பின்பக்கம் இரண்டு துளை. ஒன்று சதுரமான யு.எஸ்.பி. துளை. இன்னொன்று நான்கு பின் கொண்ட வட்டத் துளை, அதில் அடாப்டர் வயர் போகும். மூன்றரை அங்குல டிஸ்க்கின் மோட்டார் சுழலப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும், உள்ளே இருக்கிற சர்க்யூட்டுக்கு ஐந்து வோல்ட் வேண்டும். யு.எஸ்.பி. வயரில் ஐந்து வோல்ட்தான் வரும். அதனால்தான் அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கெல்லாம் தனி அடாப்டர். விண்டோஸ் 98-க்கு இந்த மாதிரிப் பெட்டியைத் தானாக அடையாளம் தெரியாது. கூடவே வரும் சின்ன சி.டி.யிலிருந்து டிரைவர் போட்டு, இது இன்ன பெட்டி என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். கடை மெஷினில் இருந்த யு.எஸ்.பி.யும் பழைய 1.1 ரகம். கணக்குப்படி வினாடிக்கு 12 மெகாபிட், கைக்குக் கிடைப்பது வினாடிக்கு ஒரு மெகாபைட் அளவு. டிஸ்க் முழுவதையும் அதன் வழியாக நகலெடுக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும்.

கடையில் வந்த வேலை இன்னதென்று இல்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, வெற்றிலை வியாபாரிகளின் பில் புக், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள். எல்லாவற்றையும் பேஜ்மேக்கரில் அமைத்து, லேசர் பிரிண்டரில் டிரேசிங் பேப்பரில் எடுத்து, சேலத்துப் பிரஸ்ஸுக்குக் கொடுத்தனுப்புவேன். பெரிய வேலையென்றால் ஹார்ட் டிஸ்க்கையே துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நானே ரயில் ஏறிவிடுவேன்.

அந்தக் கடைக்கு ஒருநாள் கூத்து வாத்தியார் ஒருவர் வந்தார். சுற்றுவட்டார ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதக் கூத்துக்கு அவர் குழுவைத்தான் அழைப்பார்கள். கையில் மளிகைக் கடைப் பேரேடு மாதிரி நீளமான நோட்டு. அவருடைய வாத்தியார் எழுதிவைத்தது. அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எல்லாம் அதில் இருந்தன. ஓரங்கள் உதிர ஆரம்பித்திருந்தன. “இதை அச்சு மாதிரி அடிச்சுக் குடு தம்பி. என் காலத்துக்கப்புறம் பசங்க படிக்கணும்” என்றார்.

நோட்டில் இருந்த கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. வாத்தியாரே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து படித்துச் சொன்னார். வசனம் வந்தால் பேச்சாகவே சொல்வார். தரு என்கிற பாட்டு வந்தால் அவரால் வெறுமனே படிக்க முடியாது, பாடித்தான் ஆக வேண்டும். பாடாமல் சொல்லச் சொன்னால் அடுத்த அடி மறந்துவிடும். கடை சாத்திய பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவர் தொடையில் தாளம் போட்டுப் பாடப் பாட நான் அடிப்பேன். இழுத்துப் பாடுகிற இடத்தில் எத்தனை எழுத்துப் போடுவது என்று கேட்டேன். “நீ ஒண்ணு போடு தம்பி. இழுக்கறது எங்க வேலை” என்றார். வழக்கில் இருக்கிற சொல்லை இலக்கணத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்டதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கட்டியங்காரன் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேச வேண்டும், புத்தகப் பேச்சு பேசினால் சனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதுதான் சரி.

அடித்து முடித்ததும் சில பிரதிகள் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். ஃபைலை எண்பது ஜி.பி. டிஸ்க்கில் அவர் ஊர்ப் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து போட்டு வைத்தேன்.

2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தை இந்தப் பக்கத்தில் தொழில் செய்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யு.பி.எஸ். பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் மறுபடி கரண்ட் போய்விடும். பத்திரிகை அடிக்கிறவர்கள் சேலத்துக்கே நேராகப் போக ஆரம்பித்தார்கள். கடையை மூடினேன். கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க் பெட்டியும் வீட்டுப் பரணுக்குப் போயின. வாத்தியாரும் சில வருடத்தில் காலமாகிவிட்டார்.

போன மாசிக்கு முன்னால் அவருடைய பேரன் என்னைத் தேடி வந்தார். ஓசூரில் கம்பெனி வேலை. லீவில் வந்து குழுவோடு வேஷம் கட்டுகிறவர். “தாத்தாவுக்கு அடிச்சுக் குடுத்தீங்களே அந்த நோட்டு, கம்ப்யூட்டர்ல எங்கயாவது இருக்குங்களாண்ணா?” என்று கேட்டார். மூல நோட்டைக் கறையான் அரித்துவிட்டது. ஸ்பைரல் பிரதிகள் மேடையோரத்திலேயே கிடந்து அரிதாரமும் வியர்வையும் பட்டு, தாள் தாளாகப் போய்விட்டன. மிஞ்சியது என் பரணில் இருந்த டிஸ்க் ஒன்றுதான்.

இன்றைக்குக் கூத்து நடந்தால் முன்வரிசையில் பாதிப்பேர் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். விடிய விடிய நேரலை போகிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கூடப் பார்க்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் போனில் பதிவாவது அன்றைய ராத்திரியின் கூத்து. மழை வந்தால் சுருக்குவார்கள், கர்ணன் வேஷக்காரருக்குத் தொண்டை கட்டினால் நான்கு தரு போகும். வாத்தியாரின் நோட்டில் இருந்தது அப்படி விட்டுப்போனதையும் சேர்த்த முழுப் பாடம்.

பரணிலிருந்து இறக்கியதும் அடாப்டரை நேராக டிஸ்க்கில் மாட்டவில்லை. பழைய அடாப்டரில் கப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தால் வோல்ட் தாறுமாறாக வரும். வயரின் நுனியில் மல்டிமீட்டர் வைத்து, பன்னிரண்டும் ஐந்தும் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாட்டினேன். பழைய டிஸ்க்கை முதலில் காதால் சோதிக்க வேண்டும். தட்டுகள் சுழல ஆரம்பிக்கும் ‘ம்ம்’ என்ற ஒலி மெல்ல ஏறி ஒரே சுருதியில் நிற்க வேண்டும். பிறகு தலைகள் இடம் பிடிக்கும் ‘டக்’ சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரே சீராக ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொண்டே இருந்தால் அடுத்த நொடியே கரண்ட்டை நிறுத்திவிட வேண்டும், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது. ஒருசில டிஸ்க்குகள் பல வருடம் சும்மா கிடந்தால் தலை தட்டோடு ஒட்டிக்கொண்டு சுழலாமலே போய்விடும். இது சுழன்றது. சுருதியும் நின்றது.

முதலில் லேப்டாப்பில் மாட்டினேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்றொரு கருவி இருக்கிறது. டிஸ்க்கின் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, படிக்கச் சிரமப்படும் இடங்களைக் குறித்துவைத்து, கடைசியில் திரும்பப் போய் முயலும். முழு டிஸ்க்கையும் அப்படியே பிம்பமாக வேறொரு டிஸ்க்கில் எடுத்த பிறகுதான் ஃபோல்டரைத் திறந்தேன். பழைய டிஸ்க்கை வைத்திருப்பவர்கள் இந்த வரிசையை மாற்றக் கூடாது. எந்த நிமிடமும் நின்றுபோகக்கூடிய டிஸ்க்கில் மேய்ந்து பார்த்துக்கொண்டிருப்பது வீண் ஆபத்து.

வாத்தியாரின் ஃபோல்டர் இருந்தது. ஃபைல்களும் இருந்தன. திறக்கத்தான் இல்லை.

1985-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த பேஜ்மேக்கர், பிற்பாடு அடோபியின் கைக்குப் போய், 2001-இல் 7.0 பதிப்போடு நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் சி.எஸ்.6 வரையில் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தது, அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. தமிழ்நாட்டில் பத்துப் பதினைந்து வருடம் அச்சான நோட்டீஸ், மலர், சிறுபத்திரிகை, உள்ளூர்ப் புத்தகங்களில் பெரும்பகுதி இந்தப் பேஜ்மேக்கரில்தான் உருவாயின. பிம்பம் எடுத்து ஒரு பைட் குறையாமல் பத்திரப்படுத்தியிருந்தும், அதைப் படிக்கப் பரணில் கிடந்த அதே மெஷின் வேண்டியிருந்தது.

மெஷினைத் திறந்து தூசு தட்டினேன். மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டிருந்தது, புதிதாக ஒன்று போட்டேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினேன். சுவிட்சைப் போட்டால் பீப், பீப் என்று கத்தல். ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்து மாட்டினேன். இந்த வைத்தியத்தை இந்த ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்த்த எல்லோரும் செய்திருப்பார்கள். ஏனென்றால் அது வேலை செய்யும். மேகங்களுக்கு நடுவே விண்டோஸ் 98 எழுந்து வந்தது. பிரிண்டர் போர்ட்டில், பத்திரிகை ஃபாண்டுகளுக்காக வாங்கிய தமிழ் மென்பொருளின் உரிமப் பூட்டான ‘லாக்’ மாட்டியது மாட்டியபடியே இருந்தது.

பெட்டியின் யு.எஸ்.பி. வயரைச் செருகினேன். பழைய டிரைவர் அந்த மெஷினுக்குள் அப்படியே இருந்ததால் எதையும் கேட்கவில்லை. சி, டி-க்கு அடுத்து ஒரு டிரைவ் வந்து நின்றது. பக்கத்தில் நின்ற பேரனுக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவர் வயதுக்கு எல்லாமே செருகியதும் வந்துவிடுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேஜ்மேக்கரில் ஃபைலைத் திறந்ததும் முதல் பக்கத்தில் வாத்தியார் சொல்லி வைத்த விநாயகர் விருத்தம், நான் போட்ட பூ பார்டருக்குள் அப்படியே இருந்தது.

அங்கேயே நின்றிருந்தால் அது எனக்கும் பேரனுக்கும் சந்தோஷம், அவ்வளவுதான். குழுவுக்கு வேண்டியது போனில் படிக்கிற எழுத்து. பக்கங்களின் தோற்றம் மாறாமல் இருக்க போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக எடுத்து லேப்டாப்பில் பி.டி.எஃப். ஆக்கினேன். எழுத்தைத் தனியாக டெக்ஸ்ட் ஃபைலாக ஏற்றுமதி செய்தேன். அதை லேப்டாப்பில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

நான் அடித்தது பாமினி ஃபாண்டில். அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் போவது ஜே, கே, பி, ஓ, கடைசியாக ஓர் அரைப்புள்ளி. பாமினி ஃபாண்ட் இருக்கிற மெஷினில் அது ‘தமிழ்’ என்று தெரியும். இல்லாத மெஷினில் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். இன்னொரு ஃபாண்டில் இதே சொல்லுக்கு வேறு குவியல். கடைக்குக் கடை ஃபாண்ட் மாறும், ஃபாண்ட் மாறினால் எழுத்தும் மாறும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-இல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடி, டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் கொண்டுவந்தார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது, தமிழக அரசு அதை முறைப்படி ஏற்றது 2010-இல். நடுவில் இருந்த இருபது வருடத்தில் தமிழ்நாட்டில் அடித்தவை பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபாண்டின் சங்கேதத்தில் கிடக்கின்றன.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. தருமபுரி, அரூர், செங்கம் பக்கம் காட்டிலும் வயலிலும் நிற்கும் நடுகற்களை ஊர்மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். மாடு மீட்கப்போய் மாண்ட வீரனின் பெயரும் ஊரும் அரசனின் ஆட்சியாண்டும் அதே கல்லில் வட்டெழுத்தில் வெட்டியிருந்தது. பல்லவர் காலத்துக் கல், எழுத்தும் அழியவில்லை. அந்த எழுத்தைப் படிக்கிறவர்கள் ஊரில் இல்லாமல் போயிருந்தார்கள். 1970-களில் நாகசாமி தலைமையில் தமிழகத் தொல்லியல் துறையினர் வந்து படியெடுத்துப் படித்த பிறகுதான் அந்த வீரர்களின் பெயர்கள் வெளியே தெரிந்தன. கல்லுக்குப் பல நூறு வருடம் ஆயிற்று. எங்கள் தலைமுறையின் எழுத்து அந்த நிலைக்கு வர இருபதே வருடம் போதுமானதாக இருந்திருக்கிறது.

நிலாவைப் படமெடுத்தவர்களுக்கும் இதே கதிதான். அப்பல்லோ இறங்க இடம் பார்ப்பதற்காக 1966, 67-இல் அமெரிக்கா அனுப்பிய லூனார் ஆர்பிட்டர் கலங்களின் படங்கள் காந்த நாடாக்களில் இருந்தன. நாடாக்கள் பத்திரமாக இருந்தும், அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர். 900 கருவிகள் உலகத்திலிருந்தே ஏறக்குறைய ஒழிந்துபோயின. நான்சி எவன்ஸ் என்ற அம்மையார் அந்தக் கருவிகளில் சிலவற்றைக் குப்பைக்கு விடாமல் பல வருடம் தன் இடத்திலேயே போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஆளுயரம். 2008-இல் அவற்றைப் பழுது பார்த்து ஓடவிட்டபோதுதான், நிலாவின் விளிம்புக்கு மேல் பூமி தெரியும் அந்த 1966-ஆம் ஆண்டுப் படம் முழுத் துல்லியத்தோடு வெளிவந்தது. நாசாவுக்கே கருவியை விடாமல் வைத்திருந்த ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

எங்களுக்கு உதவ ஆள் இருந்தார்கள். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துமாற்றி, நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றவற்றை இலவசமாகச் செய்து கொடுத்தவர்களுக்குத் தமிழ் படிக்கிறவர்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். வெளியில் இருந்து பார்த்தால் ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்து, அவ்வளவுதானே என்று தோன்றும். பாமினியில் ‘கொ’ அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண் பார்க்கிற வரிசை. யூனிகோடில் முதலில் க, அதன் பின் ஒகரக் குறி. எழுத்துமாற்றி ஒவ்வொரு கொம்பையும் பிடித்து அதற்குரிய மெய்யின் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வாத்தியாரின் பாரதம் முழுவதையும் அது மாற்றிக் கொடுத்தது.

பேரன் அதைத் தன் போனில் ஏற்றி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். நன்றாகத்தான் படித்தது. துரியோதனன் சபை வந்ததும் “கெ-ள-ர-வர்” என்றது. திரையில் பார்த்தால் ‘கௌரவர்’ என்றுதான் இருக்கிறது. பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது. கொம்பு போட்டு, க போட்டு, ள போடுவோம். காகிதத்துக்கு அது போதும். எழுத்துமாற்றி அதை க-வுக்குக் கொம்பு, பக்கத்தில் ஒரு ள என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடினால் கௌரவர் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். பாரதத்தில் கௌரவர் இல்லாமல் எப்படி? அந்த மாதிரி இடங்களை ஒவ்வொன்றாகப் பேரனே தேடித் திருத்தினார். இணையத்தில் இன்றைக்கும் ‘கெளரவம்’, ‘மெளனம்’ என்று ஆயிரக்கணக்கில் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரிசைதான் பெரிய சிக்கலாக இருந்தது. பேஜ்மேக்கரில் ஒவ்வொரு எழுத்துக் கட்டமும் தனித்தனி. ஏற்றுமதி செய்தபோது கர்ண மோட்சத்தின் தருக்கள் இடம் மாறி வந்துவிட்டன. பி.டி.எஃப்.ஐப் பக்கத்தில் வைத்து நாங்கள் அடுக்கிப் பார்த்தோம். இரண்டு பத்தி வைத்த பக்கங்களில் எது முதல் எது அடுத்து என்று அப்போதும் தெரியவில்லை. பேரன் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவரை அழைத்து வந்தார். அவருக்குக் கண் சரியில்லை. நாங்கள் முதல் வரியைப் படிப்போம், அவர் ராகத்தை முனகிப் பார்த்து, “இது பொன்னுருவி அழுது முடிச்ச பொறவு வர்றது, கீழ போடு” என்பார். ஒரு தருவின் முடிவில் இருக்கும் ராகம் அடுத்ததன் தொடக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எழுதினவர் போய்ச் சேர்ந்த பிறகும் பாடம் அவர் காதில் இருந்தது. அவரும் இல்லாத காலத்தில் இந்த ஃபைலைத் திறந்திருந்தால் எழுத்துகள் கிடைத்திருக்கும், கூத்து கிடைத்திருக்காது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிஸ்க்கை வைத்திருப்பதனால் மட்டும் எதுவும் பிழைக்காது. மெஷின், மென்பொருள், ஃபாண்ட், இவற்றோடு அதை அறிந்த மனிதர்கள், நான்கும் ஒரே காலத்தில் உயிரோடு இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரமும் நண்பர்களும் தொடங்கியது. அப்போது கிடைத்த ஃபாண்டுகளில் போட்டார்கள், திஸ்கி குறியீடு வந்ததும் அதற்கு மாற்றினார்கள், யூனிகோட் வந்ததும் அதற்கும் மாற்றினார்கள். ஊதியம் இல்லாமல் உலகம் முழுதும் இருந்த தன்னார்வலர்கள் செய்த வேலை. சங்க நூல்களை இன்று போனில் படிக்கிறோம் என்றால் ஒவ்வொரு மாற்றத்தின் போதும் சலிக்காமல் தூக்கி அடுத்த இடத்தில் வைத்தவர்களால்தான். சங்க நூலுக்கு அப்படி ஆட்கள் கிடைத்தார்கள். பொம்மிடிப் பக்கத்துக் கூத்து நோட்டுக்கு அந்தந்த ஊர்க்காரர்கள்தான் ஆள்.

வாத்தியாரின் பாடம் இப்போது யூனிகோடில் குழுவினர் எல்லோர் போனிலும் இருக்கிறது. பி.டி.எஃப்.பிலிருந்து நல்ல தாளில் எடுத்துத் தைத்த பிரதி ஒன்று கோயில் பூசாரி வீட்டில் இருக்கிறது, இன்னொன்று பேரனிடம். பங்குனியில் கர்ண மோட்சம் ஒரு தருவும் விடாமல் நடந்தது. விடியற்காலை வரை நானும் இருந்து கேட்டேன்.

அரூர், கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் என்று இந்த மாவட்டத்தில் மட்டும் டி.டி.பி. கடை நடத்தி மூடியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தோம். கோயில் தல வரலாறு இருக்கும். பள்ளிக்கூடப் பொன்விழா மலர் இருக்கும். யாரோ ஓர் ஆசிரியர் சொந்தக் காசில் போட்ட கவிதைப் புத்தகம் இருக்கும். அச்சுப் பிரதி எங்கும் கிடைக்காத ஊர்ப் பாட்டு இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை வருடி மின்னூலகத்தில் ஏற்றிவருகிறது. நல்ல பணி. அதோடு இந்தப் பேஜ்மேக்கர் ஃபைல்களையும் கேட்டு வாங்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரும், எழுத்துமாற்றி தெரிந்த ஓர் ஆளும் இருந்தால் போதும், மாவட்டத்தின் இருபது வருட எழுத்தை மீட்டுவிடலாம். பெரிய செலவு இல்லை.

கடை நடத்திய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியை இந்த மாதமே இறக்குங்கள். அடாப்டரை அளந்து பார்த்த பிறகு மாட்டுங்கள். முதலில் முழுப் பிம்பம் எடுங்கள், பிறகு திறந்து பாருங்கள். எந்த ஃபாண்டில் அடித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். பிம்பம் எடுக்கத் தெரியவில்லை என்றால் பொம்மிடிக்கு எடுத்து வாருங்கள், நான் எடுத்துத் தருகிறேன்.